எரித்து அளக்கும் உணவுச் சக்தியும் அதில் நேரும் வழுக்களும்

(மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பங்கரைக்கும் பரிசோதனைச்சாலைக்கும் பொதுவானது. ஓர் உணவிலே எவ்வளவு சக்தி அடங்கியிருக்கின்றது என்பதை அறிய, விஞ்ஞானிகள் அதனை எரித்துப் பார்க்கின்றார்கள். அவ்வாறு எரித்து அளக்கும்போது எங்கெங்கே வழு நேருகின்றது, அந்த வழுவை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே நம் பேச்சு. சமய விழாவும் தமிழ் விழாவும் நடக்கும் மண்டபத்தில் இது எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நாமே செய்த பிழையொன்று இப்பொருளிலே அடங்கியிருக்கின்றது. அதனை உரையின் பிற்பகுதியில் மறைக்காமற் சொல்லுவோம்.

வழு என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. இலக்கணம் கற்றோர் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவார்கள். நம் நாட்டுப் பௌதிக பாடநூல்களும் அளவையிலே நேரும் பிழைக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டன. சொல் பொருத்தமானதே. எப்படியென்பது போகப் போக விளங்கும்.

முதலில் அளவு கோலைத் தெரிந்துகொள்வோம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம் ஒரு கலோரி. அதில் ஆயிரம் சேர்ந்தது ஒரு கிலோகலோரி. உணவு பற்றிப் பேசுவோர் பலர் கிலோகலோரியையே சுருக்கமாகக் கலோரி என்று சொல்லிவிடுகின்றார்கள். முதல் வழு இங்கேயே வாசலில் நிற்கின்றது. எந்தக் கலோரி என்று கேளாதவன் ஆயிரம் மடங்கு தவறிப்போவான். ஆதலின் இவ்வுரையில் கலோரி என்றாற் சிறியது, கிலோகலோரி என்றாற் பெரியது என்று வைத்துக்கொள்வோம்.

எரிபொருளின் வெப்பத்தை அளப்பது நம் ஊருக்கு அந்நியமான காரியமன்று. நம் துறைமுகம் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய காலமும் உண்டு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்த காலமும் உண்டு. ஒரு தொன் நிலக்கரி எவ்வளவு வெப்பந் தரும், அதே நிறையுள்ள எண்ணெய் எவ்வளவு தரும் என்று அறியாமற் கப்பலோட்ட முடியாது. நிலக்கரியை அளக்கும் அதே கருவியிலே அரிசியையும் பருப்பையும் அளக்கலாம். தீக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நம் வயிற்றுக்கு இரண்டும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையை மறவாதிருங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

பாடசாலைகளிலே செய்யும் எளிய பரிசோதனையைப் பலரும் அறிவீர்கள். கச்சான் பருப்பொன்றை ஊசியிற் குத்தி, தீ மூட்டி, நீருள்ள கொதிகுழாயின் அடியிற் பிடிக்கின்றோம். நீர் எத்தனை பாகை சூடேறுகின்றதென்று வெப்பமானியிற் பார்க்கின்றோம். சென்ற மாதம் நம் மாணவர் சிலரோடு இதனை நாமும் செய்தோம். பருப்பின் நிறை 0.6 கிராம், நீர் 25 கிராம், வெப்பநிலை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறிற்று. இருபத்தைந்தை முப்பதாற் பெருக்க, நீர் பெற்ற வெப்பம் 750 கலோரி. அதனை 0.6 ஆல் வகுக்க, கிராமுக்கு 1250 கலோரி, அதாவது 1.25 கிலோகலோரி. உணவு அட்டவணைகளிலோ கச்சானுக்குக் கிராமொன்றுக்கு ஏறக்குறைய 5.7 கிலோகலோரி என்று கண்டிருக்கின்றது. நமக்குக் கிடைத்தது அதிலே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. மிகுதி எங்கே போயிற்று?

அப்போது ஒரு மாணவன், "சேர், புத்தகத்தில் உள்ள விடையையே எழுதிவிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டான். அவனைக் குறை கூறோம். அந்த வயதில் நாமும் அதையே செய்திருக்கின்றோம். ஆனால் அவன் அப்படி எழுதியிருந்தால் அன்றைய பாடம் முழுவதும் பாழாய்ப் போயிருக்கும். காணாமற்போன அந்த நாலு பங்கைத் தேடுவதிலேதான் பாடம் இருக்கின்றது. வாருங்கள், தேடுவோம்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வாராதவர் நம்மில் எவரும் இரார். அங்குள்ள ஏழு கிணறுகளில் ஒன்றின் சூட்டை அறிய விரும்பிய ஒருவர், ஒரு செம்பிலே நீரை மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்தாராயின் என்ன சொல்லுவோம்? வழியெல்லாம் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அளக்கின்றார் என்போம். நமது பரிசோதனையும் அத்தகையதே. சுவாலையின் வெப்பத்திற் பெரும்பகுதி குழாயின் இருமருங்கும் ஒழுகி மேலே போய்விடுகின்றது. நம் மாவட்டத்திலே கச்சான் என்றாற் கடலை. கச்சான் என்றாற் காற்றும் ஆகும். கச்சான் வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்துவைத்துக் கச்சானை எரித்தால், கணக்கிற் பாதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். முதலாவதும் மிகப் பெரியதுமான வழு இதுவே.

இரண்டாவது, பாத்திரம் குடிக்கும் வெப்பம். நீர் மட்டுமா சூடேறிற்று? குழாயும் ஏறிற்று. நம் குழாயின் நிறை 25 கிராம். கண்ணாடியின் தன்வெப்பம் நீரினதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆகவே அக்குழாய் 5 கிராம் நீருக்குச் சமம். ஐந்தை முப்பதாற் பெருக்க 150 கலோரி. இதனையுஞ் சேர்த்தால் 750 என்பது 900 ஆகின்றது, விடையும் 1.25 இலிருந்து 1.5 கிலோகலோரிக்கு உயருகின்றது. பாருங்கள், ஒரு வழுவைப் பெயர் சொல்லி அழைத்தவுடனே அது கணக்கிற்குள் வந்து அடங்கிவிட்டது.

மூன்றாவது, எரிந்தும் எரியாத எரிவு. பரிசோதனை முடிந்ததும் குழாயின் அடி சட்டியடிபோற் கறுத்திருந்தது. ஊசியிலும் கரித்துண்டு எஞ்சியிருந்தது. அந்தக் கரியெல்லாம் வெளிவராத சக்தி. ஒரு கிராம் காபன் முற்றாக எரிந்து காபனீரொட்சைட்டு ஆகும்போது ஏறக்குறைய 7.8 கிலோகலோரி தருகின்றது. ஒட்சிசன் போதாமற் காபனோரொட்சைட்டாக நின்றுவிட்டால் ஏறக்குறைய 2.2 கிலோகலோரியே தரும். கச்சான்போல எண்ணெய் மிகுந்த பொருள்கள் புகையும் கரியும் மிகுதியாகக் கக்குவதால் இந்த வழு அவற்றிலே பெரிதாகின்றது. அதனாலேதான் இந்தப் பரிசோதனையை வைத்து ஓர் உணவை இன்னோர் உணவோடு ஒப்பிடும்போதும் அவதானம் வேண்டும். எல்லா உணவும் ஒரே அளவாகப் புகைவதில்லை.

நான்காவது, ஈரம். பச்சைத் தேங்காய்ச் சொட்டிலே ஏறக்குறையப் பாதி நீர். காய்ந்த கொப்பரையிலோ மிகச் சிறிதளவே. ஈரமுள்ள பொருளை எரிக்கும்போது தீயின் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிற் செலவாகின்றது. கொதிநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். அந்த ஆவி யன்னலால் வெளியே போய்விட்டால் அந்த வெப்பமும் போயிற்று. அன்றியும், பச்சையாக நிறுத்தோமா, உலர்த்தி நிறுத்தோமா என்று எழுதாத கணக்கு, எந்தக் கணக்கும் ஆகாது.

ஐந்தாவது, நிறுப்பதிலும் பார்ப்பதிலும் வருவது. நம் தராசு ஒரு கிராமில் பத்திலொன்றுக்குக் கீழே காட்டாது. எனவே 0.6 என்று நாம் எழுதியது 0.55 ஆகவும் இருக்கலாம், 0.65 ஆகவும் இருக்கலாம். இந்த ஒன்றிலேயே நூற்றுக்கு எட்டு அளவான ஐயம் வந்துவிடுகின்றது. நீரைக் கலக்காமற் பார்த்தால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. வெப்பமானியின் குமிழ் கண்ணாடியின் அடியைத் தொட்டால் அது நீரின் சூட்டைக் காட்டாது. கண்ணாடியின் சூட்டையே காட்டும். மூட்டும் தீக்குச்சியைக் குழாயின் கீழேயே பிடித்தால் தீக்குச்சியின் வெப்பமும் கச்சானின் கணக்கில் ஏறிவிடும்.

நிற்க. இவ்வழுக்கள் அனைத்தும் ஒரே இனத்தன அல்ல. தராசின் வழு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டும். அலையிலே தோணி இருபுறமும் ஆடுவதுபோல அது ஆடும். பத்துமுறை செய்து சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் அடங்கும். காற்றுக்குப் போகும் வெப்பமோ, பாத்திரம் குடிக்கும் வெப்பமோ, கரியாய் நிற்கும் சக்தியோ அப்படியல்ல. அவை தோணியை ஒரே பக்கமாக இழுக்கும் நீரோட்டம். நூறுமுறை துடுப்புப் போட்டாலும் நீரோட்டம் இழுத்த பக்கத்திலேதான் தோணி நிற்கும். பத்து மாணவர் செய்து பத்துப் பேருக்கும் குறைந்த விடையே வந்தால், அந்தப் பத்தின் சராசரியும் குறைந்த விடையே. பலரும் ஒரே விடையைச் சொல்லுகின்றார்கள் என்பதனால் மட்டும் அது மெய்யாகிவிடாது. இளைஞர்களே, பரிசோதனைச்சாலைக்கு வெளியிலும் இது பயன்படும்.

ஒரு பக்கமாக இழுக்கும் வழுவுக்கு மருந்து, திரும்பத் திரும்பச் செய்வதன்று, கருவியைத் திருத்துவது. பால்மா ரின்னொன்றை வெட்டிச் சுவாலையைச் சுற்றி மறைப்பாக வைக்கலாம், யன்னலைச் சாத்தலாம், நீரைக் கலக்கலாம், எஞ்சிய கரியை நிறுத்துக் குறிக்கலாம். மாணவர் இவற்றைச் செய்தால் விடை உண்மைக்குப் பலபடி அருகே வரும். ஆயினும் முற்றாக வாராது. அதற்கென்றே அமைந்த கருவி குண்டுக் கலோரிமானி. பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் பேர்த்தலோ 1881 ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். தடித்த உருக்குக் கலத்தினுள்ளே உலர்த்திய உணவை வைத்து, ஏறக்குறைய முப்பது வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனை நிரப்பி, இறுக மூடி, கலத்தை நீரில் அமிழ்த்தி, மின்கம்பியாலே தீ மூட்டுவார்கள். உள்ளே புகையுமில்லை, கரியுமில்லை. ஆவி வெளியே போக வழியுமில்லை.

அந்தக் கலமும் வெப்பத்தைக் குடிக்குமே என்று கேட்பீர்கள். குடிக்கும். எவ்வளவு குடிக்குமென்பதை ஊகித்து எழுதுவதில்லை. பென்சோயிக்கமிலம் என்னும் தூய பொருளை முதலில் எரிக்கின்றார்கள். அது கிராமுக்கு 6.3 கிலோகலோரி தருமென்பது நுட்பமாக நிறுவப்பட்ட உண்மை. தெரிந்ததைக் கொண்டு கருவியை அளந்து, பின் அக்கருவியைக் கொண்டு தெரியாததை அளக்கின்றார்கள். தீ மூட்டிய கம்பி எரிந்த வெப்பத்தையும், காற்றிலிருந்த நைதரசன் சிறிது அமிலமாக மாறியபோது வந்த வெப்பத்தையும்கூடக் கழித்துவிடுகின்றார்கள்.

இனி, முன்னர் மறவாதிருக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். கருவி பிழையற்றதாயிற்று, ஆயினும் கேள்வி பிழையாக இருக்கலாமே! குண்டுக் கலோரிமானியினுள் ஒரு துண்டு கொப்பரையை வைத்தாலும் எரியும். ஒரு துண்டு சிரட்டையை வைத்தாலும் எரியும். சிரட்டை நல்ல எண்ணை விடையாகத் தரும். அதற்காகச் சிரட்டையை உண்பார் உண்டோ? நம் முன்னோர் சடராக்கினி என்று சொன்ன வயிற்றுத் தீ, கலோரிமானியின் தீயைப்போல எல்லாவற்றையும் எரிப்பதில்லை. நாரை நம்மாற் சிறிதளவே பயன்படுத்த முடிகின்றது. புரதத்தை முற்றாக எரிப்பதுமில்லை. அதன் நைதரசனை யூரியாவாகச் சிறுநீரிற் கழித்துவிடுகின்றது. அந்த யூரியாவுக்குள்ளும் எரியாத சக்தி இருக்கின்றது.

அமெரிக்காவில் வெசுலியன் பல்கலைக்கழகத்திலே அற்வாற்றர் என்னும் பேராசிரியர் 1890களில் ஓர் அறையையே கலோரிமானியாக அமைத்து, அதனுள்ளே மனிதரை நாட்கணக்கில் இருத்தி, உண்டதையும் கழித்ததையும் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்தார். புரதம் குண்டுக் கலோரிமானியிலே கிராமுக்கு 5.65 கிலோகலோரி தருகின்றது. சிறுநீரிற் போவதையும் செரிக்காமற் போவதையும் கழித்தால் உடலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 4. இவ்வழியே வந்தவைதாம் இன்றும் வழங்கும் மூன்று எண்கள்: புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாப்பொருளுக்கு 4. பொதிகளின் மேல் அச்சிட்டிருக்கும் கலோரிக் கணக்கிலே பெரும்பகுதி இந்த மூன்று எண்களாற் பெருக்கிக் கண்டதே.

இங்கும் வழு உண்டு. அட்டவணை செய்வோர் பலர் மாப்பொருளை நேராக அளப்பதில்லை. நூறு கிராமிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சியதை மாப்பொருள் என்கின்றார்கள். மற்ற நாலிலும் நேர்ந்த வழுவெல்லாம் அந்த மிச்சத்திலே வந்து தங்கும். நாரும் அதற்குள் ஒளிந்திருக்கும். ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆய்வாளர்கள் 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் மனிதருக்குப் பாதாம் பருப்பைக் கொடுத்து அளந்தபோது, 28 கிராமில் உடலுக்குக் கிடைத்தது 129 கிலோகலோரியே என்று கண்டார்கள். பழைய எண்களாற் பெருக்கினால் ஏறக்குறைய 170 வரும். பருப்பின் கொழுப்பிற் சிறு பகுதி கலங்களுக்குள்ளேயே பூட்டுண்டு செரிக்காமற் போய்விடுகின்றது.

ஆகவே, பாடசாலைத் தீ குறைத்துச் சொல்லுகின்றது; குண்டுக் கலோரிமானி உடலுக்குக் கிடைப்பதிலும் கூட்டிச் சொல்லுகின்றது. எந்த வழு எந்தப் பக்கம் இழுக்கின்றது என்று அறிந்திருப்பதே விஞ்ஞானத்தின் பாதி.

இந்த எண்ணெல்லாம் ஆருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நம் நாட்டின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வகுத்த வறுமைக் கோடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2030 கிலோகலோரி என்னும் அளவின்மேல் எழுப்பப்பட்டது. 2002 ஆம் ஆண்டு விலைப்படி அக்கோடு ஒருவருக்கு மாதம் 1423 ரூபாவாக இருந்தது. உண்ணும் பொருள்களின் அளவை அட்டவணை எண்ணாற் பெருக்கியே கிலோகலோரி காண்கின்றார்கள். ஓர் அட்டவணை உணவின் சக்தியைக் கூட்டிச் சொன்னால், அதே 2030 குறைந்த செலவிற் கிடைப்பதாகத் தோன்றும். கோடு கீழே இறங்கும். கோட்டுக்குக் கீழே நிற்கவேண்டிய சில வீடுகள் மேலே நிற்பனவாகக் கணக்கிலே காணப்படும். காகிதத்தில் ஒரு சிறு வழு. ஒரு வீட்டிலே ஒரு வேளைச் சோறு.

இப்போது நம் பிழைக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு விலை, முந்திய ஆண்டு செப்டெம்பரிலும் பார்க்க நூற்றுக்கு 94.9 கூடியிருந்தது. அக்காலத்தில் நம்மிற் சிலர் துறைமுகத்தை அண்டிய சில ஒழுங்கைகளில் வீடு வீடாகச் சென்று, உலர் உணவுப் பொதி யாருக்கு முதலிற் கொடுக்கவேண்டுமென்று பட்டியல் எழுதினோம். நேற்று என்ன உண்டீர்கள், எவ்வளவு உண்டீர்கள் என்று கேட்டு, அட்டவணையைப் பார்த்துக் கிலோகலோரி போட்டோம். நமக்கு அதிலே பெருமையும் இருந்தது. கண்ணைப் பார்த்துக் கொடுக்காமற் கணக்கைப் பார்த்துக் கொடுக்கின்றோம் என்னும் பெருமை.

ஒரு வீட்டில் நாலு பேர். ஆளுக்கு 300 கிராம் என்று ஒரு மூதாட்டி சொன்னார். அரிசி என்ற வரியில் 300 என்று எழுதினோம். நூறு கிராம் அரிசிக்கு 350 கிலோகலோரி, ஆகவே 1050. மற்ற உணவெல்லாஞ் சேர்த்து 900. மொத்தம் 1950. இது 2030க்கு அண்மையில் இருக்கின்றதே என்று அவ்வீட்டைப் பட்டியலின் அடியிற் போட்டோம். பொதிகள் அந்த வரிக்கு வருமுன்னே முடிந்துவிட்டன.

மூன்று கிழமை கழித்து அவ்வழியே போனபோது மூதாட்டி நம்மை நிறுத்தினார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "தம்பிமாரே, நான் சொன்னது சோறு. நீங்கள் எழுதினது அரிசி" என்றார். அவ்வளவுதான்.

நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கிலோகலோரியே உண்டு. மிகுதி நீர். முந்நூறு கிராம் சோற்றில் 390. உண்மையான மொத்தம் 1290. நாம் எழுதியதற்கும் உண்மைக்கும் இடையில் 660 கிலோகலோரி. பட்டியலின் தலையில் இருக்கவேண்டிய வீட்டை அடியில் வைத்தோம். சற்று முன்னர் நாலாவதாக எண்ணினோமே ஈரம் என்னும் வழு, அதுவேதான் இது. கச்சானை எரித்தபோது கையோடு கண்ட வழுவை, மனிதரை எண்ணியபோது காணாமல் விட்டோம். அட்டவணை பிழையன்று, கருவி பிழையன்று, எந்த நிலையில் நிறுத்தது என்று கேளாத நாமே பிழை. அன்று மாலையே நம் கைப்பணத்திற் பொதியொன்று கட்டிக் கொடுத்தோம். அந்த மூன்று கிழமையை மட்டும் எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பின்னர் பட்டியல் முழுவதையும் எடுத்து, வீடு வீடாக மறுபடியும் கேட்டோம். அரிசியா சோறா, பச்சையா சமைத்ததா, தோலோடா தோல் நீக்கியா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினோம். இன்னும் இரண்டு வீடுகளில் அதே பிழை இருந்தது. கணக்குத் தெரிந்த நமக்குத் தெரியாதது, அடுப்படியில் நிற்கும் தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. ஆகையாற் கேட்டறிவதற்கு வெட்கப்படலாகாது.

அன்பர்களே, தொடக்கத்தில் இலக்கணத்தைக் குறிப்பிட்டோம். வழு என்பது குற்றம். வழுவமைதி என்பது, குற்றமேயாயினும் காரணங் காட்டி ஏற்றுக்கொள்ளப்படுவது. அளவைகளுக்கும் இந்நெறி பொருந்தும். வழாநிலையில் நிற்கும் அளவை உலகத்தில் இல்லை. எவ்வளவு வழு, எப்பக்கம், எக்காரணத்தால் என்று விடையின் அருகே எழுதிவைத்தால் அது வழுவமைதி. அதனோடு நாம் வாழலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். எழுதாமல் மறைத்தால் அது வெறும் வழு. ஒருநாள் யாரோ ஒருவருடைய சோற்றிலே போய் விழும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்கள் குறிப்புப் புத்தகத்தில் 1.25 என்று வந்தால் 1.25 என்றே எழுதுங்கள். அதன் கீழே, காற்றுக்குப் போயிற்று, குழாய் குடித்தது, கரியாய் நின்றது என்று எழுதுங்கள். புத்தகத்து விடையை எழுதினவனிலும் நீங்களே அதிகம் அறிந்தவர்கள். பெரியோர்களே, பிள்ளைகள் குறைந்த விடையோடு வீடு வந்தாற் கடிந்து பேசாதீர்கள். ஏன் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள்.